பெருவிரல் மீதான விசாரணை

சைரன் அலறியபோது அப்சர் மல்லாந்து படுத்திருந்தான். அலறி ஓய்ந்த பிறகும் மல்லாந்துதான் படுத்திருந்தான். கட்டடமே தீப்பற்றி எரிந்தாலும் அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சார்ஜாவில் நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

வார்டுக்கு வெளியே தடதடவென்று ஆட்கள் ஓடினார்கள். முதலில் இரண்டு நர்சுகள். பின்னால் வாட்ச்மேன், கையில் ஐஸ் வாளியோடு. அடுத்து ஆபீஸ் சூப்பிரண்டு துரைராசு, பேனா விழுந்துவிடாமல் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு. கடைசியாக டைரக்டர் டாக்டர் திருமுருகனே ஓடினார். அமெரிக்காவில் இருபத்திரண்டு வருஷம் நரம்புகளை ஆராய்ந்தவர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடினார்.

அப்சர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "மாமா, தீயா?" என்றான்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த அய்யாவு கோடியக்கரைக்காரர். வள்ளம் தள்ளும்போது அலை புரட்டி, வள்ளம் முதுகில் ஏறிய மனுஷர். மாதக்கணக்காக இங்கே கிடக்கிறார்.

"தீன்னா இம்புட்டு வேகமா ஓட மாட்டாங்க மாப்ள" என்றார். "கரண்டு போயிட்டுல்ல? எலி ரூம்ல சூடு ஏறியிருக்கும்."

எலிகளின் அறை இருபத்துநாலு டிகிரியைத் தாண்டினால் சைரன் ஒலிக்கும். தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அது எலி அறைக்கு மட்டும்; அன்று அதுவும் மக்கர் செய்தது. வார்டில் மின்விசிறிகள் நின்று, பன்னிரண்டு நோயாளிகளும் வேர்த்து ஊறினார்கள். சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'நோயாளிகள் சத்தம் போடக் கூடாது. ஆய்வு எலிகள் ஓய்வெடுக்கின்றன.'

பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், தஞ்சாவூர் போகும் சாலையில், முப்பது ஏக்கர் இருபோக நிலத்தை வளைத்துப் போட்டு எழும்பியிருந்தது தண்டுவட மீளெழுச்சி ஆராய்ச்சி நிலையம். அறுபட்ட நரம்பை மறுபடி வளர வைப்பது அதன் லட்சியம். வாசலில் ஒன்பது படிகள். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் போட்டோவில் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டியவை. தண்டுவடம் அடிபட்டவன் எவனும் படி ஏற மாட்டான் என்பது நிலையத்துக்குத் தெரியாமல் இல்லை. சாய்தளம் கட்ட ஒரு ஃபைல் போட்டிருந்தார்கள். அது இரண்டு வருஷமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

அதனால் நோயாளிகள் பின்வாசல் வழியாக வந்தார்கள். எலிக்கூண்டுகளைத் தள்ளிக்கொண்டு வர அங்கே ஒரு சரிவு இருந்தது. அப்சர் வந்த அன்று, பின்வாசல் காவலாளி தன்னிடம் இருந்த ஒரே ரிஜிஸ்டரில் அவனைப் பதிந்துகொண்டார். 'இனம்' என்ற இடத்தில் ஆண் என்றும், 'கூண்டு எண்' என்ற இடத்தில் கட்டில் எண் ஏழு என்றும் எழுதினார். 'வால் நீளம்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கோடு போட்டார்.

துரைராசு பதினோரு பக்க இங்கிலீஷ் சம்மதப் பத்திரத்தை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்தார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார்."

"தெரிஞ்சவங்க படிச்சுப் பாக்கறாங்க பாய். லேட்டாகுது. கைநாட்டே வைங்க."

அன்று டைரக்டர் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். "தண்டுவடம்கிறது ஒரு காவிரி. மூளைதான் மேட்டூர். நடுவுல அணை உடைஞ்சா டெல்டா காயுது. எங்க மருந்து அந்த ஆத்தைத் திரும்ப ஓட வைக்கும். எலிக்கு ஓட வச்சிருக்கோம். எலி நடக்குது! உலகமே பாக்குது!"

ஜன்னலுக்கு வெளியே நிஜக் காவிரியில் மணல் பறந்துகொண்டிருந்தது. குறுவை போடாத வருஷம் அது. அய்யாவு படுத்தபடியே, "அப்ப அந்த ஊசில ரெண்டு மேட்டூருக்குப் போடுங்க ஐயா" என்றார். டைரக்டர் அதை விஞ்ஞானக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்கு மருந்து, ஆறு பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. ரகசியத்தை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தார்கள். ஊசி போடும் நர்சு குழம்பிவிடக் கூடாதே என்று கட்டில்களில் மட்டும் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மருந்துக்குப் பச்சை. உப்புத்தண்ணீருக்கு வெள்ளை.

அய்யாவுக்குப் பச்சை. அப்சருக்கு வெள்ளை.

"வருத்தப்படாதீங்க பாய்" என்றார் துரைராசு. "ரெண்டு வருஷம் ஒழுங்கா இருந்து முடிச்சா, வெள்ளைக்கும் நிஜ ஊசி போடுவோம். பத்திரத்துல ஒம்பதாம் பக்கம் இருக்கு."

அந்த ஒன்பதாம் பக்கத்தை நம்பித்தான் அப்சர் கிடந்தான். அவன் கேட்டது ஓட்டமும் நடையும் இல்லை. ஒரு கால் ஊன்ற முடிந்தால் போதும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்ளலாம். முத்துப்பேட்டை வீட்டில் அவனைக் கழிவறைக்குத் தூக்கிப் போக மச்சினன் பாசித்தும் தெருவில் இன்னொருத்தரும் வேண்டியிருந்தது. இப்போது பாசித்துக்கும் விசா வந்துவிட்டது. ரமலான் முடிந்ததும் சவுதிக்குப் பறக்கிறான். தெருவில் மற்ற ஆண்கள் எல்லாம் ஏற்கெனவே பறந்துவிட்டவர்கள். வீட்டில் பெண்களும் ஆறு வயது மகள் இர்ஃபானாவும்தான் மிச்சம். யார் தூக்குவது?

அப்சரின் மனைவி ஃபஹ்மிதா பாபநாசத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனாள். வார்டில் பெண்கள் உட்கார இடம் கிடையாது. எலி அறைக்கு எதிரே ஒரு பெஞ்சு கிடந்தது. கதவிடுக்கில் கொஞ்சம் குளிர் காற்றும் வந்தது. அவள் அங்கே உட்கார்ந்து, கண்ணாடி வழியாக எலிகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

முதுகு வெட்டப்பட்ட ஒவ்வொரு எலிக்கும் துணியில் தைத்த ஒரு சின்ன மார்க்கச்சை. அதில் எலியைத் தொங்கவிட்டு, கீழே ஓடும் பட்டையில் பின்னங்கால்களை வைத்து, ஒரு பெண் விரலால் மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி விட்டாள். காலுக்கு நூறு தடவை. பாதத்தை அழுத்தி ஊன்ற வைத்து இன்னொரு நூறு. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லாமல்.

அவள் துரைராசுவிடம் கேட்டாள். "ஏன் சார், எலிக்குக் காலு புடிச்சு விடுறீங்க. எங்க வீட்டு ஆளுக்கு யாரும் தொட்டுக்கூடப் பாக்கலியே?"

"தொடக் கூடாதும்மா. உங்க வீட்டுக்காரர் ஒப்பீட்டுக் குழு."

"அப்படின்னா?"

"ஒண்ணுமே பண்ணாத ஆளு எப்படி இருப்பார்னு உலகத்துக்குக் காட்டறது. குணமாகாம இருக்கறதுதான் அவரோட டூட்டி. நல்லாத்தான் பண்ணிட்டிருக்கார்."

"பச்சை அட்டைக்காரங்களுக்காவது புடிச்சு விடுறீங்களா?"

"அவங்களுக்கு மருந்து இருக்குல்ல?" என்றார் துரைராசு, இதுகூடத் தெரியாதா என்பது போல.

மறுநாளிலிருந்து ஃபஹ்மிதா வேலையை ஆரம்பித்தாள். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை நிலையத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் லுஹர் தொழுதுவிட்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து, பழைய சேலையைக் குளுக்கோஸ் கம்பியில் தூளி மாதிரி கட்டி, அவன் காலை அதில் தொங்கவிட்டாள். மடக்கு, நீட்டு. மடக்கு, நீட்டு. பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஊன்ற வைத்து அழுத்தினாள். எண்ணிக்கைக்குத் தஸ்பீஹ் மணி. எலிக்கு நூறு, மணியில் தொண்ணூற்றொன்பது. மனுஷன்தானே, ஒன்று குறைந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாள்.

"ஃபாமி, கை நோவப் போவுது, வுடு" என்பான் அப்சர்.

"நீங்க பேசாம இருங்க மச்சான். எலி எதாவது பேசுதா?"

எழுபத்துநாலாம் நாள் மத்தியானம் அவள் அவனுடைய வலது பாதத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். பெருவிரல் தானாக ஒரு நெல்மணி அளவுக்கு மேலே போய்விட்டுக் கீழே வந்தது.

அய்யாவு திரையை விலக்கி எட்டிப் பார்த்து, "மாப்ள, இன்னொரு தடவ ஆட்டு, கண்ணாடி போட்டுக்கறேன்" என்றார். அப்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க முயன்றான். விரல் மறுபடியும் போய் வந்தது.

இங்கேதான் அவர்கள் தப்பு செய்தார்கள். வேறு ஊர்க்காரர்கள் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். முத்துப்பேட்டைக்காரர்களால் அது முடியாது. நல்லது நடந்தால் பாத்திஹா ஓதி, நாலு பேருக்கு நார்சா என்று இனிப்பு கொடுத்தால்தான் மனசு ஆறும். ஃபஹ்மிதா மறுநாள் பேரீச்சம்பழமும் பூந்தியும் சீனியும் கலந்து ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு கட்டிலுக்கும் கொடுத்தாள். நர்சுகளுக்கும் காவலாளிக்கும் கொடுத்தாள். கடைசியில் ஆபீசுக்குள் போய் துரைராசுவுக்கும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

"என்னம்மா விசேஷம்? குழந்தையா?" என்றார் துரைராசு, பூந்தியை வாயில் போட்டபடி.

"இல்ல சார். அவங்களுக்குக் கால் பெருவிரல் அசைஞ்சுட்டு. எல்லாம் உங்க எலியைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். நீங்க நல்லா இருக்கணும்."

துரைராசுவின் தாடை நின்றது. "எந்தக் கட்டில்?"

"ஏழு."

"வெள்ளை அட்டையா?" என்றார், செத்த குரலில்.

செய்தி கேட்டுக் கட்டில் ஏழுக்கு ஓடி வந்தவர்களில் டாக்டர் பிரதீபா மட்டும்தான் சிரித்த முகத்தோடு வந்தாள். நிலையத்தின் இளைய விஞ்ஞானி, சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. விரலைத் தொட்டுப் பார்த்தாள். ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்றாள். அளவுகோல் வைத்து அளந்தாள். "நாலு மில்லிமீட்டர்! அப்சர் சார், இதே மாதிரி விடாமப் பண்ணினா நீங்க காலை ஊன்றக்கூட வாய்ப்பிருக்கு" என்று சொல்லி ஏட்டில் தேதி போட்டு எழுதினாள். அவள் நிலையத்தில் கடைசியாக எழுதிய ஏடு அது.

திங்கட்கிழமை விசாரணை. கட்டில் ஏழைத் தள்ளிக்கொண்டுபோய்க் கருத்தரங்கக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள். மேஜைக்குப் பின்னால் டைரக்டர், துரைராசு, பிரதீபா. நாலாவதாக அறநெறி உறுப்பினர், ஓய்வுபெற்ற தாசில்தார். விஞ்ஞானத்தில் அறம் பிசகாமல் பார்த்துக்கொள்ள அவரை நியமித்திருந்தார்கள். இதற்கு முன் கூடிய நான்கு கூட்டங்களிலும் அவர் காபியைப் பற்றி மட்டுமே ஆட்சேபணை தெரிவித்திருந்தார்.

போர்வையை விலக்கினார்கள். எல்லோரும் பெருவிரலைப் பார்த்தார்கள்.

"யாரைக் கேட்டு அசைச்சீங்க?" என்றார் டைரக்டர்.

"நான் அசைக்கல சார். மொதல்ல அதுவாத்தான் அசைஞ்சுது."

"அதுவா அசையறதுக்கு இது என்ன உங்க வீடா? இது சர்வதேச ஆய்வு!"

தாசில்தார் தொண்டையைச் செருமினார். "எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். குணமாகற உரிமை பச்சைக்குக் கொடுத்திருக்கு. வெள்ளை அந்த எல்லைக்குள்ள பூந்து அனுபவிச்சிருக்கு. இது ஆக்கிரமிப்பு. புறம்போக்குல குடிசை போட்ட மாதிரி."

"குடிசையை இடிக்கலாம் சார். விரலை என்ன பண்றது?" என்றார் துரைராசு கவலையோடு.

பிரதீபா எழுந்தாள். "சார், எலிகளுக்கு நாம பண்ற அதே பயிற்சியைத்தான் அவங்க பண்ணியிருக்காங்க. அப்ப நம்ம எலிங்க நடக்கறது மருந்தாலயா, பயிற்சியாலயான்னு நாம..."

"எலி உங்ககிட்ட அதைக் கேட்டுச்சாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் நீங்க ஏன் கேக்கறீங்க?" டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் மனசில் இருப்பதை எல்லாம் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். "பயிற்சி எங்க கட்டுரையில அடிக்குறிப்பு. சின்ன எழுத்துல இருக்கும். அடிக்குறிப்பை வச்சு ஒரு நிலையம் நடத்த முடியாது. பன்னெண்டு பேருக்குக் கை காலை மடக்கி விட ஆறு ஆள் போடணும். அதுல கண்டுபிடிப்பு எங்க இருக்கு? மருந்துன்னா பாட்டில்ல அடைக்கலாம், காப்புரிமை வாங்கலாம், ஏற்றுமதி பண்ணலாம். இந்தம்மாவோட கையைப் பாட்டில்ல அடைக்க முடியுமா? எந்த வெளிநாட்டுக் கம்பெனி இதுக்கு ஒப்பந்தம் போடும்? நாடு கதவைத் திறந்து விட்டிருக்கு. உலகம் உள்ள வருது. வந்து என்னத்தப் பாக்கும்? ஒரு பொம்பள புருஷனுக்குக் காலமுக்கறதையா?"

"காலமுக்குனதாலதான் சார் அசைஞ்சுது" என்றாள் கதவோரம் நின்றிருந்த ஃபஹ்மிதா.

"கையால அமுக்கறதுக்கும் நரம்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எழுதிக்குங்க துரைராசு."

துரைராசு எழுதிக்கொண்டார். தீர்மானங்கள் நிறைவேறின. கட்டில் ஏழின் காலை இனி யாரும் தொடக் கூடாது. எலி அறைக் கண்ணாடிக்குக் கறுப்புத் திரை போட வேண்டும். மனைவிமார்கள் மாலை நாலு மணிக்கு வந்து நாலேகாலுக்குப் போய்விட வேண்டும். மீறினால் ஒன்பதாம் பக்கத்து ஊசி ரத்து. டாக்டர் பிரதீபா மறு உத்தரவு வரும்வரை எலிகளை எடை போட வேண்டும்.

ஊசி ரத்து என்றதும் அப்சர் பயந்துவிட்டான். "பொறுத்துக்க ஃபாமி. நிஜ ஊசி போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றான். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மூன்றாவது வாரம் வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. நிதி கொடுக்கும் குழு அடுத்த மாதம் நேரில் வருகிறது. மருந்தின் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டும். முன்னதாக அறிக்கை அனுப்ப வேண்டும்.

டைரக்டர் பச்சை அட்டைக்காரர்கள் ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொருவர் காலருகிலும் குனிந்து, "முயற்சி பண்ணுங்க, முயற்சி பண்ணுங்க" என்றார். ஆறு பேரும் முயற்சி பண்ணினார்கள். அய்யாவு இரண்டு புருவத்தையும் காதையும்கூட அசைத்துக் காட்டினார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை.

நிலையம் இடிந்து உட்கார்ந்தது. அறநெறி உறுப்பினரை அவசரமாகக் கார் அனுப்பி அழைத்து வந்தார்கள். முப்பது வருஷம் ரெவின்யூவில் இருந்த மனுஷர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா கலங்கறீங்க? நிலத்தை யாராவது தூக்கிட்டுப் போய் வேற எடத்துல வைப்பாங்களா? நிலம் அங்கயே கெடக்கும். பட்டாவுல பேரு மாறும். விரலை ஏன் மாத்தறீங்க, அட்டையை மாத்துங்க."

அன்று சாயங்காலமே பட்டா மாறுதல் நடந்தது. துரைராசு வந்து அய்யாவின் பச்சை அட்டையைக் கழற்றி அப்சர் கட்டிலில் மாட்டினார். அப்சரின் வெள்ளையை அய்யாவுக்கு மாட்டினார். நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"பதினோரு மாசமா ஊசி குத்திக் குத்தி முதுகு சல்லடையாப் போயிருக்கு" என்றார் அய்யாவு. "இப்ப நான் ஒண்ணுமே வாங்காதவனா?"

"உங்களுக்கு நல்லதுதான் பெரியவரே. வெள்ளைக்கு முடிவுல நிஜ ஊசி உண்டு."

"அதத்தான்யா இத்தன நாளும் போட்டீங்க!"

"அது பதிவுல இல்ல."

அப்சருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அப்ப சார், நான் இப்ப பச்சை. ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம். எனக்கு எப்ப ஊசி போடுவீங்க?"

துரைராசு அவனைப் பரிவோடு பார்த்தார். "போட்டாச்சே பாய். ரிஜிஸ்டர்ல பதினோரு ஊசி ஏறியாச்சு. அதனாலதானே விரல் அசையுது?"

அப்சர் அட்டையைப் பார்த்தான். அய்யாவைப் பார்த்தான். பதினோரு மாதம் நிஜ ஊசி வாங்கிய கால்கள் போர்வைக்கடியில் இரண்டு குச்சிகளாகக் கிடந்தன. வந்த நாளிலிருந்து நினைத்து நினைத்து உருட்டிக்கொண்டிருந்த ஒன்பதாம் பக்கம், அந்த நிமிஷத்தில் அவனுக்குள் சத்தமில்லாமல் கிழிந்தது.

"சார், ஊசி வேணாம். என் பொண்டாட்டியக் காலு புடிச்சு விட விடுங்க. அது போதும்."

"ஐயோ, இப்பத்தான் விடவே கூடாது. நீங்க மருந்தால குணமானவர். கால் புடிச்சு விட்டா, எதனால குணமானீங்கன்னு சந்தேகம் வந்துடும்ல?"

அன்று முதல் தினமும் காலை எட்டரைக்குத் துரைராசு வந்து பெருவிரலுக்கு வருகைப் பதிவு எடுத்தார். தனி நோட்டு போட்டிருந்தார். முதல் வாரம் 'ஆஜர்' என்று எழுதினார். இரண்டாம் வாரம், விரலை உற்றுப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்து, 'தாமதம்' என்று எழுதினார். மூன்றாம் வாரம் வியாழக்கிழமை கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கேள்விக்குறி போட்டார். சனிக்கிழமை அப்சரின் முகம் வேர்த்துக் கொட்டியது, பல் நறநறத்தது, விரல் மட்டும் களிமண்ணில் செருகிய குச்சி மாதிரி நின்றது.

"இஷ்டப்பட்டு பண்ண மாட்டேங்கறீங்களா பாய்?" என்றார் துரைராசு. "நிலையத்து மேல எதாவது கோபமா?"

பிரதீபா எலி அறையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாள். எலி நாற்றம் அடித்தது. தாழ்ந்த குரலில், "வீட்டுக்குப் போயிடுங்க" என்றாள். "நாள் ஆக ஆக தசை வத்திடும். வந்த வழி மூடிக்கும். உங்க மனைவி பண்ணினதுதான் சரி. இங்க இருந்தா அதைப் பண்ண விட மாட்டாங்க."

அன்று நாலு மணிக்கு ஃபஹ்மிதா வந்ததும் அப்சர் சொன்னான். "பாசித்துக்கு போன் போடு. நாளைக்கே வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு. அவன் ஏறிப் போறதுக்குள்ள நான் ஒரு காலையாவது ஊனிப் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை பாசித் மீன் ஏற்றும் மினி வேனைக் கழுவிக்கொண்டு, இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். பின்வாசலில் வழி விட மாட்டேன் என்றுவிட்டார் காவலாளி. அந்த ரிஜிஸ்டரில் உள்ளே வரவுதான் உண்டாம். வெளியே போவதற்குக் கட்டமே இல்லையாம். இறந்தால் மட்டும் சிவப்பு மையில் எழுதலாம் என்றார்.

"முன்னாடி தூக்குங்கடா" என்றான் பாசித்.

அய்யாவு கையை நீட்டி அப்சரின் மணிக்கட்டைப் பிடித்தார். "போ மாப்ள. நான் வெள்ளையில படுத்து, எனக்கு வரவேண்டிய பழைய ஊசியைப் புதுசா வாங்கிக்கறேன்."

மூன்று பேருமாக நாற்காலியோடு அவனைத் தூக்கி, முன்வாசலின் ஒன்பது படிகளிலும் இறக்கினார்கள். நிலையம் திறந்ததிலிருந்து நோயாளி ஒருவர் அந்தப் படிகளைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. வேனில் பாய் விரித்து அவனைக் கிடத்தினார்கள். ஃபஹ்மிதா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். வேன் நகர்வதற்கு முன்பே அவன் வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்து, அழுத்த ஆரம்பித்தாள்.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

டைரக்டர் ஓடி வந்துகொண்டிருந்தார். பின்னால் துரைராசு, வருகை நோட்டோடு. டைரக்டர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பாய், இப்படி விட்டுட்டுப் போகலாமா? அறிக்கை போயாச்சு. உங்க போட்டோ போயாச்சு. பன்னெண்டு நாள்ல அவங்க வந்து இறங்கறாங்க."

ஃபஹ்மிதா கையை நிறுத்தாமல், "வந்து என்னத்த சார் பாப்பாங்க? விரல்தான் நின்னுட்டே" என்றாள்.

டைரக்டர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். துரைராசுவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றார். பிறகு வேனுக்குள் தலையை நீட்டி, அவள் கைகளையே பார்த்தபடி, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"எலி ரூம்லயே ஏசி போட்டு இடம் தர்றேம்மா, பன்னெண்டு நாளும் நீங்களே அமுக்கி விடுங்க. ஆனா விரலோட நிறுத்திக்கணும், முழங்கால் வரைக்கும் போயிடாதீங்க, ரிப்போர்ட்ல விரல் மட்டும்தான் எழுதியிருக்கு."